பத்து பிளைண்ட் மிச்சம்: காத்திருக்க என்ன விலை?

போன எபிசோட்ல டோர்னமென்ட்டோட ஆரம்பக் கட்டம் பற்றிப் பேசினோம். கையில நிறைய சிப்ஸ், பிளைண்ட் சின்னது, நிதானமா ஆடலாம்னு சொல்லியிருந்தேன். அதைக் கேட்டுட்டு ஒரே கேள்வியைப் பல பேர் அனுப்பியிருந்தீங்க: "நிதானமாத்தான் ஆடினேன், சிப்ஸ் கரைஞ்சு போச்சு, இப்ப என்ன பண்றது?" இன்னிக்கு முழுக்க அதைத்தான் பேசப் போறோம். ஷார்ட் ஸ்டாக். சிப்ஸ் கம்மியா இருக்கும்போது எப்போ, எதை வெச்சு, எவ்வளவு பந்தயம் கட்டணும்?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது எந்த ஆப்புக்கும் விளம்பரம் இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமே பார்க்காமல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. நான் ஆடுவது நண்பர்களோட, பிளாஸ்டிக் சிப்ஸ் வெச்சு. ஜெயிச்சவருக்கு அன்னிக்கு ராத்திரி பிரியாணி இலவசம். அவ்வளவுதான் பரிசு. ஆனா அதுக்கு நாங்க எவ்வளவு சீரியஸா உட்கார்றோம்னு பார்த்தா உங்களுக்குச் சிரிப்பு வரும்.

அந்த மேசையில நடந்த ஒரு சம்பவத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மொத்தம் 18 பேர், இரண்டு மேசை. என் மேசையில ஒன்பது பேர். பிளைண்ட் 500/1,000. புதுசா கேட்கிறவங்களுக்காக: ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்னாடியே கட்டாயமா ஒரு தொகையைப் போடணும். அதுதான் ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட். இது போக, மேசை மொத்தத்துக்கும் சேர்த்து ஆன்ட்டின்னு இன்னொரு 1,000, அதையும் பிக் பிளைண்ட்டே போடுவார். இந்தப் பொறுப்பு ஆள் மாறி ஆள் சுற்றி வரும். ஆக ஒரு சுற்று முடிஞ்சா, நீங்க ஒரு ஆட்டம்கூட ஆடாம இருந்தாலும் 2,500 காலி.

என்கிட்ட 12,000 இருந்தது. அதாவது 12 பிக் பிளைண்ட். "நல்ல கை வரட்டும், மொத்தத்தையும் வைப்போம்"னு முடிவு பண்ணினேன். ஒரு சுற்று முழுக்கச் சீட்டை வைச்சுட்டு வைச்சுட்டு உட்கார்ந்தேன். 9,500 ஆச்சு. அப்புறம் லெவல் ஏறியது. பிளைண்ட் 1,000/2,000. இன்னொரு சுற்று. இந்தத் தடவை 5,000 போச்சு. மிச்சம் 4,500. அப்போதான் வந்தது கிங் ஜோடி!

ஆல்-இன் சொன்னேன். பிக் பிளைண்ட்ல இருந்தவர் தன் சீட்டைப் பார்த்தார், என் சிப்ஸைப் பார்த்தார். "இவ்வளவுதானே"ன்னு சொல்லி கால் பண்ணிட்டார். அவர்கிட்ட இருந்தது 8-4. என் கிங் ஜோடி ஜெயிச்சது. எல்லாரும் முதுகுல தட்டினாங்க. சிப்ஸை அடுக்கி எண்ணினேன். என்னோட 4,500, அவரோட 4,500, ஸ்மால் பிளைண்ட் 1,000, ஆன்ட்டி 2,000. மொத்தம் 12,000.

முக்கால் மணி நேரத்துக்கு முன்னாடி என்கிட்ட இருந்த அதே 12,000. அப்போ அது 12 பிளைண்ட். இப்போ 6. காத்திருந்தேன், நான் கேட்ட கை வந்தது, அந்தக் கை ஜெயிச்சும் விட்டது. அப்படியும் என் நிலைமை பாதியாகிவிட்டது. நான் நினைச்சபடி எல்லாமே நடந்த பிறகுதான் இந்தக் கணக்கு.

அன்னிக்கு ஒரு நண்பர் சொன்னார்: "மச்சி, ஒரு சிப், ஒரு நாற்காலி!" போக்கர் ஆடுறவங்க எல்லாருக்கும் இந்த வசனம் தெரியும். இதுக்குப் பின்னாடி இருப்பது லாஸ் வேகஸ், பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ, 1982. வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் முக்கியப் போட்டி, நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், 104 பேர். ஜாக் ஸ்ட்ராஸ்னு ஆறரை அடி உயர டெக்சாஸ்காரர். ஒரு ஆட்டத்தில் எல்லாத்தையும் இழந்துட்டோம்னு எழுந்தவர், மேசையில் ஒரே ஒரு 500 சிப் மிச்சம் இருந்ததைப் பார்த்தார். அவர் வாயால "ஆல்-இன்"னு சொல்லாததால அந்த சிப் அவருடையதுதான்னு ஆகிவிட்டது. அங்கிருந்து திரும்பி வந்து போட்டியையே ஜெயிச்சார். பரிசு 5,20,000 டாலர்.

அருமையான கதை, நான் மறுக்கலை. ஆனா மற்ற 103 பேர்கிட்டயும் கடைசி சிப்னு ஒண்ணு இருந்துச்சு இல்லையா? அது எங்கே போச்சுன்னு யாரும் கதை சொல்றதில்லை. இந்தக் கதையைக் கேட்டுட்டு "உயிரோட இருந்தா போதும், வாய்ப்பு வரும்"னு நினைக்கிறோம் பாருங்க, அங்கேதான் சறுக்கல். உயிரோட இருக்கிறதுக்கே வாடகை கட்ட வேண்டியிருக்கு. அந்த வாடகையும் லெவலுக்கு லெவல் ஏறுது.

சரி, அந்த வாடகையைக் கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.

டான் ஹாரிங்டன் 1995-ல அதே முக்கியப் போட்டியை ஜெயிச்சவர். 2003, 2004 என்று அடுத்தடுத்த வருஷங்களிலும் கடைசி மேசைக்கு வந்தவர். 2005-ல வெளிவந்த தன் டோர்னமென்ட் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தில் "எம்" என்ற ஒரு எண்ணைப் பிரபலமாக்கினார். பேக்கேமன் உலகச் சாம்பியனா இருந்த பால் மாக்ரியலின் பெயரிலிருந்து வந்த எழுத்து அது. உங்க சிப்ஸை, ஒரு சுற்றுக்கு ஆகும் செலவால் வகுங்க. கிடைப்பதுதான் எம். ஒரு ஆட்டமும் ஆடாம எத்தனை சுற்று உயிரோட இருக்கலாம்னு அது சொல்லும். 20-க்கு மேல இருந்தா பச்சை மண்டலம். அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு. அஞ்சு வாக்கில் வந்தா சிவப்பு. ஒன்றுக்குக் கீழே போனா, ஹாரிங்டன் பாஷையில், செத்த மண்டலம்.

என் கிங் ஜோடி வந்தப்போ என் எம் எவ்வளவு தெரியுமா? 4,500-ஐ 5,000-ஆல் வகுத்தா 0.9. அதாவது நான் ஏற்கனவே செத்திருந்தேன். யாரும் சொல்லலை, அவ்வளவுதான்.

இப்போ ரவுண்டா 10 பிளைண்ட்னு வெச்சுக்குவோம். 500/1,000-ல 10,000. எம் நாலு. நாலு சுற்று, ஒன்பது பேர் மேசைன்னா 36 கை வரும். அதுல "நல்ல கை" எத்தனை? ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி, ஜாக் ஜோடி, ஏஸ்-கிங். இவ்வளவுதான் நமக்கு வேணும்னு வெச்சுக்கிட்டா, இரண்டு சீட்டு வரக்கூடிய 1,326 விதங்கள்ல 40 மட்டும்தான் தேறும். 33 கைக்கு ஒரு தடவை. அதாவது சராசரியா மூணே முக்கால் சுற்று காத்திருக்கணும். அதுக்குள்ள ஒன்பது பிளைண்ட்டுக்கு மேல வாடகை போயிருக்கும். நல்ல கை வாசல்ல வந்து நிற்கும்போது உங்ககிட்ட ஒரு பிளைண்ட் மிச்சம். அதுவும் சராசரி நிலவரம். 36 கையில ஒரு தடவைகூட அது வராமலே போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. லெவல் ஏறுவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அப்போ காத்திருக்கிறதை விட்டுட்டு என்ன பண்றது? ஆல்-இன். முதல் ஆளா. கை சுமாரா இருந்தாலும்.

"சுமாரான கையை வெச்சு எல்லாத்தையும் பணயம் வைக்கிறதா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஒரு ஆட்டத்தைப் பிரிச்சுப் பார்ப்போம். நீங்க பட்டன்ல உட்கார்ந்திருக்கீங்க, அதாவது உங்களுக்கு அப்புறம் இரண்டு பிளைண்ட்காரங்க மட்டும்தான் பேசணும். உங்களுக்கு முன்னாடி எல்லாரும் ஃபோல்ட். உங்க கையில ஜாக்-10, ஒரே சூட். பாட்ல ஏற்கனவே இரண்டரை பிளைண்ட் கிடக்கு. 10 பிளைண்ட்டையும் தள்ளுறீங்க.

நூறு தடவை இப்படிப் பண்ணினா 65 தடவை இரண்டு பேருமே ஃபோல்ட் பண்ணுவாங்கன்னு வெச்சுக்குவோம். ஒவ்வொரு தடவையும் சண்டையே இல்லாம இரண்டரை பிளைண்ட் உங்களுக்கு. மிச்சம் 35 தடவை பிக் பிளைண்ட் கால் பண்றார். கால் பண்றவர்கிட்ட நல்ல கைதான் இருக்கும். அதனால நீங்க ஜெயிக்கிற வாய்ப்பு 38 சதவீதம்தான்னு எடுத்துக்குவோம். பாட் இருபத்தொன்றரை பிளைண்ட், அதுல 38 சதவீதம்னா எட்டு சொச்சம். போட்டது பத்து. ஆக கால் பண்ணின ஒவ்வொரு தடவையும் சராசரியா 1.8 பிளைண்ட் நஷ்டம். இரண்டையும் சேர்த்துப் பாருங்க: ஒரு ஷவ்வுக்குச் சராசரி லாபம் கிட்டத்தட்ட ஒரு பிளைண்ட். அவர் கால் பண்ணினா நாம பின்தங்கியிருக்கோம்னு தெரிஞ்சே போடுறோம். அப்படியும் லாபம்.

அந்த லாபம் முழுக்க அந்த 65 தடவையில இருந்துதான் வருது. எதிராளி பயந்து சீட்டை வைக்கிறதால கிடைக்கிறது. இதைத்தான் ஃபோல்ட் ஈக்விட்டின்னு சொல்றாங்க. ஷார்ட் ஸ்டாக்கோட சொத்தே இது ஒண்ணுதான். சீட்டு நம்ம கையில இல்லை, டீலர் கையில இருக்கு. பயமுறுத்துற சக்தி நம்ம கையில இருக்கு. ஆனா எவ்வளவு நாள்?

இங்கேதான் அந்த "இவ்வளவுதானே" திரும்ப வருது. நீங்க 10 பிளைண்ட் தள்ளும்போது, பிக் பிளைண்ட்காரர் இன்னும் 9 போட்டாத்தான் கால் பண்ண முடியும். அது அவருக்குக் கட்டுப்படியாக சுமார் 42 சதவீதம் ஜெயிக்கிற வாய்ப்பு வேணும். அதனால யோசிப்பார். அதே நீங்க மூணு பிளைண்ட் தள்ளினா? அவர் போட வேண்டியது இரண்டு. கிடைக்கப் போற பாட் ஏழரை. 27 சதவீதம் வாய்ப்பு இருந்தாலே போதும். போக்கர்லயே மோசமான கைன்னு பேர் வாங்கின 7-2 கூட ஏஸ்-கிங்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை ஜெயிச்சுடும். அப்போ அவர் ஏன் ஃபோல்ட் பண்ணணும்? எதை வெச்சும் கால் பண்ணலாம். என் 4,500-க்கு அவர் போட வேண்டியிருந்தது 2,500 மட்டும். அவருக்குத் தேவை 21 சதவீதம். 8-4 வெச்சு கால் பண்ணினதை அன்னிக்கு நான் கிண்டல் பண்ணினேன். தப்பு பண்ணினது நான்தான்.

ஆக, சிப்ஸ் கரையும்போது எண்ணிக்கை மட்டும் குறையலை. அந்தச் சிப்ஸுக்கு இருக்கிற மரியாதையும் குறையுது. 10 பிளைண்ட்ல உங்களுக்கு ஜெயிக்க இரண்டு வழி: எதிராளி ஃபோல்ட் பண்ணலாம், இல்லைன்னா சீட்டு விழலாம். 3 பிளைண்ட்ல ஒரே வழிதான்.

இன்னொரு கேள்வியும் வரும். ஆல்-இன் எதுக்கு, 3 பிளைண்ட்டுக்கு ரைஸ் பண்ணிப் பார்க்கலாமே? பண்ணலாம். பிக் பிளைண்ட்காரர் திரும்ப ஆல்-இன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? இன்னும் 7 போடணும், பாட் இருபத்தொன்றரை ஆகும். உங்களுக்குத் தேவை 33 சதவீதம். ஜாக்-10-க்கு அது பெரும்பாலும் இருக்கும். அப்போ கால் பண்ணித்தான் ஆகணும். எப்படியும் எல்லாம் உள்ளே போகப் போகுதுன்னா, கடைசி வார்த்தையை ஏன் அவருக்கு விட்டுக் கொடுக்கணும்? நாம முதல்ல தள்ளினா முடிவெடுக்கிற கஷ்டம் அவருக்கு. 15, 20 பிளைண்ட் இருந்தா கதை வேற. அங்கே சின்ன ரைஸுக்கு இடம் இருக்கு. இன்னொருத்தர் ரைஸ் பண்ணினா அவர் மேல ஆல்-இன் போட்டுப் பயமுறுத்தவும் முடியும்.

ஆனா எதை வேணும்னாலும் எங்கே இருந்து வேணும்னாலும் தள்ளலாம்னு நான் சொல்லலை. இடம் ரொம்ப முக்கியம். உங்களுக்குப் பின்னாடி இருக்கிற ஒவ்வொருத்தரும் சிறந்த 10 சதவீதக் கை இருந்தாத்தான் கால் பண்ணுவாங்கன்னு வெச்சுக்குங்க. பட்டன்ல இருந்து தள்ளினா, இரண்டு பேர்ல யாராவது ஒருத்தர்கிட்ட அப்படி ஒரு கை இருக்க 19 சதவீதம் வாய்ப்பு. முதல் ஆளா, எட்டு பேர் பின்னாடி இருக்கும்போது தள்ளினா 57 சதவீதம். அதே சீட்டு, அதே சிப்ஸ், வேற நாற்காலி. பட்டன்ல தங்கமான ஜாக்-10, முதல் இடத்தில் குப்பை.

கை விஷயத்தில் நம்ம ஆட்கள் வழக்கமா செய்ற தப்பு, ஏஸைப் பார்த்தவுடனே மயங்கறது. ஏஸ்-3 பார்க்க அழகா இருக்கும். ஆனா கால் பண்றவர்கிட்டயும் பெரும்பாலும் ஏஸ் இருக்கும், கூடவே பெரிய சீட்டும் இருக்கும். ஏஸ்-கிங்குக்கு எதிரே ஏஸ்-3 நாலில் ஒரு தடவைதான் ஜெயிக்கும். அதே ஏஸ்-கிங்குக்கு எதிரே ஒரே சூட் ஜாக்-10 பத்தில் நாலு தடவை ஜெயிக்கும். ஏஸ்-3 தள்ளக் கூடாதுன்னு இல்லை, இரண்டு பேர்தான் பின்னாடின்னா தாராளமா தள்ளலாம். முதல் இடத்திலிருந்து அது எனக்குப் பிடிக்காது.

அடுத்தது, தள்ளுறதும் கால் பண்றதும் ஒண்ணு இல்லை. டேவிட் ஸ்க்லான்ஸ்கி இதுக்கு "கேப்"னு பேர் வெச்சார்: முதல்ல பந்தயம் கட்டத் தேவையான கையைவிட, இன்னொருத்தர் கட்டின பந்தயத்தில் சேரத் தேவையான கை நல்லதா இருக்கணும். காரணம் இப்போ நமக்குத் தெரியும். கால் பண்ணும்போது ஃபோல்ட் ஈக்விட்டி பூஜ்யம். இன்னொருத்தர் தள்ளினதுக்கு ஜாக்-10 வெச்சு மொத்த 10 பிளைண்ட்டையும் கொடுத்து கால் பண்றது தைரியம் இல்லை, வீண் செலவு.

இவ்வளவும் சொல்லிட்டு, ஒரு இடத்தில் நான் தலைகீழா பேசப் போறேன். பரிசு நெருங்கும்போது.

மூணு பேர் மிச்சம், மூணு பேர்கிட்டயும் சமமான சிப்ஸ். மொத்தப் பரிசு 100 ரூபாய்னு வைங்க: முதலிடத்துக்கு 50, அடுத்து 30, அப்புறம் 20. இப்போ உங்க பங்கோட மதிப்பு 33 ரூபாய் 33 காசு. ஒருத்தர் தள்ளுறார், நீங்க கால் பண்ணி ஜெயிக்கறீங்க. சிப்ஸ் இரட்டிப்பு. பணம்? மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு 50-க்கு, ஒரு பங்கு 30-க்கு. 43 ரூபாய் சொச்சம். பத்து ரூபாய்தான் ஏறியிருக்கு. தோத்தா 20-தான். பதிமூணு ரூபாய் இறங்குது. பத்தைப் பிடிக்கப் பதிமூணைப் பணயம் வைக்கணும்னா 57 சதவீதம் ஜெயிச்சாத்தான் சரிப்படும். உங்ககிட்ட 8 ஜோடி, அவர் ஏஸ்-கிங்கைத் திறந்தே காட்டிட்டார்னாலும், பிளைண்ட்டைக் கணக்கில் சேர்க்காம பார்த்தா உங்க வாய்ப்பு 55 வாக்கில்தான். ஃபோல்ட்! வயிறு எரியும், ஆனா ஃபோல்ட். இந்த மாதிரி சிப்ஸைப் பணமா மாத்திப் பார்க்கிற கணக்குக்கு ஐ.சி.எம்.னு பேரு.

இதுல ஒரு விசேஷம் கவனிச்சீங்களா? அந்த 57 உங்களுக்கு மட்டும் இல்லை. நீங்க முதல்ல தள்ளினா, அதே நெருக்கடி எதிர்ல இருக்கிறவருக்கு. அதனால பரிசு நெருங்கும்போது கால் பண்றது ரொம்ப விலை கூடுது, தள்ளுறது அந்த அளவுக்குக் கூடறதில்லை.

இதோட உச்சம் சாட்டிலைட் போட்டி. 2003-ல கிறிஸ் மணிமேக்கர் 86 டாலர் ஆன்லைன் சாட்டிலைட்ல ஆரம்பிச்சுத்தான் முக்கியப் போட்டிக்குள்ள நுழைஞ்சு, 838 பேரைத் தாண்டி 25 லட்சம் டாலர் ஜெயிச்சார். சாட்டிலைட்ல பரிசு பணம் இல்லை, பெரிய போட்டிக்கான இடம். பத்து இடம் இருக்குன்னா முதல் ஆளுக்கும் பத்தாவது ஆளுக்கும் ஒரே பரிசு. பதினொரு பேர் மிச்சம், உங்ககிட்ட ஆறு பிளைண்ட், இன்னொருத்தர்கிட்ட ஒரே ஒரு பிளைண்ட், அடுத்த ஆட்டம் அவர்தான் பிக் பிளைண்ட்டுன்னா, ஏஸ் ஜோடி வந்தாலும் வைச்சுட்டு வேடிக்கை பாருங்க. காத்திருக்கிறது லாபமா முடியற இடம் இது. ஏன்னா இங்கே வாடகை உங்களைவிட அவரை முதல்ல தின்னுது.

எங்க மேசைக்கு வர்றேன். இரண்டு வாரம் கழிச்சு, அதே வீடு. என்கிட்ட 9 பிளைண்ட். பட்டன்ல நான். எல்லாரும் ஃபோல்ட். சீட்டைத் தூக்கிப் பார்த்தா ஜாக்-10, இரண்டும் ஸ்பேட். ஆல்-இன்னு சொன்னேன். ஸ்மால் பிளைண்ட் சீட்டை வைச்சுட்டார். பிக் பிளைண்ட்ல போன தடவை 8-4 வெச்சு கால் பண்ணின அதே ஆள். இந்தத் தடவை "இவ்வளவுதானே"ன்னு சொல்லலை. சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் சிப்ஸை எண்ணினார், மறுபடி எண்ணினார். அரை நிமிஷம் இருக்கும். அப்புறம் கால் பண்ணி ஏஸ்-குயினைத் திறந்தார்.

அஞ்சு பொதுச் சீட்டுல ஒரு ஜாக்கும் வரலை, ஒரு பத்தும் வரலை. பதிமூணாவது இடம். சமையலறைக்குப் போய் எல்லாருக்கும் டீ போட்டேன். அவர் பின்னாடியே வந்து, "ஜாக்-10-க்கு ஏன்டா எல்லாத்தையும் வெச்சே?"ன்னு கேட்டார். "நீ ஏன் அவ்வளவு நேரம் எண்ணினே?"ன்னு நான் திருப்பிக் கேட்டேன்.

அடுத்த எபிசோட்ல இரண்டே பேர் மிஞ்சின பிறகு ஆட்டம் எப்படி மாறுதுன்னு பேசலாம். பத்து பிளைண்ட்ல ஸ்மால் பிளைண்ட்காரர் பாதிக்கு மேல கைகளைத் தள்ளலாம்னு சொல்ற அட்டவணைகள் இருக்கு, அதை எப்படிப் படிக்கிறதுன்னும் பார்ப்போம். கேள்வி இருந்தா அனுப்புங்க. அனுப்பும்போது உங்க சிப்ஸை எத்தனை ஆயிரம்னு எழுதாதீங்க, எத்தனை பிளைண்ட்னு எழுதுங்க.